பழம் பறிக்கிறவள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்தான். மகளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போனால் மதியச் சாப்பாடு, ஒரு தூக்கம், திரும்பும்போது கால் கிலோ பால்கோவா. மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேமோடு முப்பத்தெட்டு வருஷம் மாரடித்து ஓய்ந்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? போன கோடை விடுமுறையில் அந்தத் தூக்கம் போயிற்று. எட்டாம் வகுப்புப் பேரன் கம்ப்யூட்டரில் ஒரு ராஜ்ஜியம் நடத்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவன், இருட்டிய பிறகுதான் எழுந்தேன்.

விளையாட்டின் பெயர் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்'. பெயரைக் கேட்டதும் எனக்குப் பழைய கோபம் ஒன்று கிளம்பியது. அதைப் பிறகு சொல்கிறேன். என்செம்பிள் ஸ்டுடியோஸ் என்ற அமெரிக்க நிறுவனம் செய்து, மைக்ரோசாஃப்ட் 1997இல் வெளியிட்டது. அந்த முதல் பாகத்தில் எகிப்தியர், கிரேக்கர், பாபிலோனியர், சுமேரியர் என்று 12 நாகரிகங்கள். நம் பக்கத்து ஆள் ஒருவரும் கிடையாது. 1999இல் இரண்டாம் பாகம் வந்தது. அதிலும் 2013இல்தான் 'இந்தியர்கள்' என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில் மூட்டையைப் பிரித்ததில் 'திராவிடர்' என்று நமக்கு ஒரு தனி இடம் கிடைத்தது. ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளை ஆடலாம். சுருள்வாள் வீசும் வீரர்கள் உண்டு, திரிசடை என்று ஒரு கப்பல் உண்டு. ஆட்களை விரட்டினால் தமிழில் பதில் சொல்கிறார்கள்!

"குதிரைப்படைதான் தாத்தா நமக்குச் சரியில்ல" என்று பேரன் குறைப்பட்டான். அது விளையாட்டுக்காரர்கள் செய்த வஞ்சனை இல்லை. பாண்டிய ராஜாக்கள் கப்பல் கப்பலாக அரபு நாட்டுக் குதிரைகளை வாங்கினார்கள், பேணத் தெரியாமல் அவை செத்துப்போயின என்று மார்கோ போலோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைச் சொன்னேன். அவனுக்கு அதில் அக்கறை இல்லை.

ஆட்டம் ரொம்பச் சின்னதாகத் தொடங்குகிறது. ஊர் நடுவே ஒரு பொதுக்கட்டடம், மூன்று குடியானவர்கள், வேவு பார்க்க ஒரு குதிரைக்காரன். கையில் 200 உணவு, 200 விறகு, 100 பொன், 200 கல். சதுரங்கத்திலும் ஆடுபுலி ஆட்டத்திலும் எதிராளி யோசிக்கும்வரை நாமும் தாடையைச் சொறியலாம். இங்கே யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. நீங்கள் யோசிக்கிற நேரத்தில் ஆடு மேய்கிறது, எதிரி மரம் வெட்டுகிறான். எனக்கு இது புதிதில்லை. ரிங் பிரேமில் இந்தக் கோடியில் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோடியில் இன்னொன்று அறுந்துகொண்டிருக்கும். உனக்காக மெஷின் நிற்காது.

அன்று பேரன் ஒரு குடியானவனைக் காட்டுப்பன்றி வேட்டைக்கு அனுப்பினான். அம்பு ஒன்றை எய்துவிட்டு ஊரைப் பார்த்து ஓடிவர வேண்டும், துரத்தி வரும் பன்றியை மற்றவர்கள் சேர்ந்து அடித்துவிடுவார்கள். அதுதான் முறை. இவன் குதிரைக்காரனை வேடிக்கை பார்த்த இடைவெளியில் பன்றி ஆளை முடித்துவிட்டது. "மூணு பேர்ல ஒருத்தன் போயிட்டான்" என்று தலையில் கைவைத்தான். "டேய், உங்க ஊரே இப்படித்தான்டா ஆரம்பிச்சுது" என்றேன்.

ஸ்தல புராணம் அப்படித்தானே சொல்கிறது? வில்லி, கண்டன் என்று இரண்டு வேடச் சகோதரர்கள். வேட்டைக்குப் போன கண்டனைப் புலி அடித்தது. தம்பியைத் தேடி அலுத்துத் தூங்கிய வில்லியின் கனவில் பெருமாள் வந்து, காட்டைத் திருத்திக் கோயிலும் ஊரும் கட்டச் சொன்னார். வில்லி கட்டிய புத்தூர், வில்லிபுத்தூர். பதினோரு நிலை, 192 அடி கோபுரம் அப்புறம் வந்தது. முதலில் இருந்தவர்கள் இரண்டு பேர், அதிலும் ஒருவன் போய்விட்டான். பேரன் ஆட்டத்தை நிறுத்தாமலே கேட்டான். கேட்டதே பெரிது.

என்னைப் பிடித்து உலுக்கியது வேறொன்று. இருண்ட யுகத்திலிருந்து அடுத்த யுகத்துக்கு ஏற 500 உணவு கட்ட வேண்டும். ஒரு குடியானவனை உண்டாக்க 50 உணவு. ஆகப் பத்து ஆளுக்கான சோற்றை மொத்தமாகக் கொட்ட வேண்டும். கொட்டின பிறகும் உடனே யுகம் மாறிவிடாது. இரண்டு நிமிஷம் பத்து வினாடி ஆகும். அதுவரை அந்தப் பொதுக்கட்டடத்திலிருந்து புதிதாக ஒரு ஆள் வரமாட்டான். அதற்கடுத்த யுகத்துக்கு 800 உணவு, 200 பொன், காத்திருப்பும் அதிகம். அந்த நேரமெல்லாம் ஊர் எப்படி ஓடுகிறது? ஏற்கெனவே இருக்கிறவர்கள் மூச்சுவிடாமல் வேலை பார்க்கிறார்கள். திரையின் ஓரத்தில் சேலைக்காரி மாதிரி ஒருத்தி பழப்புதரில் குனிந்தே நிற்கிறாள். முதல் பாகத்தில் குடியானவர் எல்லோருமே ஆண்கள். பெண்கள் இரண்டாம் பாகத்தில்தான் வந்தார்கள். பேரன் கண் முழுக்க யுகம் ஏறுகிற அந்தக் கோட்டின் மேல். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் 1999இல் பிளஸ் டூவில் 1200க்கு 1020 எடுத்தாள். கணக்கில் பட்டம் படிக்க ஆசை. அடுத்த வருஷம் தம்பி இன்ஜினீயரிங் சேர வேண்டும். என் சம்பளத்தில் இரண்டு பேரைப் படிக்கவைக்க வழியில்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதுதான், உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. "தம்பி படிச்சு மேல வரட்டும்மா, நீ கொஞ்சம் பொறு" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஊரே இருக்கிறது. அங்கே ஒரு இடத்தில் துணியைச் சுருட்டிக் கட்டுகிற வேலைக்குப் போனாள். நான் முழு நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வீடு திரும்பும்போது அவள் தூக்குவாளியோடு பஸ் ஸ்டாப்பில் நிற்பாள். ஐந்து வருஷம்.

2002இல் லீவுக்கு வந்த மகன் மத்தியானம் ஆனால் காணாமல் போனான். தேடிப்போனால் ஒரு இன்டர்நெட் சென்டரில், ஏ.சி. குளிரில், மணிக்கு 25 ரூபாய் கொடுத்து இதே விளையாட்டு. அக்காள் நாள் முழுக்க நின்று வாங்குகிற கூலியில் அது பாதி. எல்லோர் முன்னாலும் காதைப் பிடித்து இழுத்து வந்தேன். அன்றைக்கு என் கோபம் மகன் மேல்தான் என்று நினைத்தேன். இல்லை என்று புரிய இருபது வருஷமும் ஒரு பேரனும் தேவைப்பட்டது.

அவன் படித்தான், ஓசூரில் நல்ல வேலை, எனக்குக் கண் ஆபரேஷன் செய்துவைத்தான். குறை சொல்ல மாட்டேன். ஒரு வீடு யுகம் மாறும்போது ஏறுகிறவனைத்தான் ஊரே பார்க்கும். புதர்ப் பக்கம் நிற்கிறவளை அவள் தகப்பனே பார்ப்பதில்லை. அவன் ஏறி முடித்த பிறகாவது நான் திரும்பிப் பார்த்திருக்கலாம். 2004இல் மகளுக்கு இருபத்திரண்டு வயதுதான். "இப்பப் படிக்கிறியாம்மா?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருஷம் மாப்பிள்ளை பார்த்தேன்.

மகள் காபி டம்ளரோடு வந்தாள். அந்த நேரம் பார்த்துப் பேரனின் ஊர் கோட்டை யுகத்துக்கு ஏறியது. திராவிடர்களுக்கு ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 விறகு இனாமாக வரும், விசேஷ வீட்டு மொய் மாதிரி. மகள் திரையையே பார்த்தாள்.

"இவ ஏன்டா சும்மா நிக்கிறா?"

"பழம் தீந்துபோச்சும்மா. நான் வேலை சொல்லல, அதான்."

"எவ்வளவு நேரமா நிக்கிறா?"

"தெரியலம்மா."

சும்மா நிற்கிறவர்களைக் கண்டுபிடிக்க விசைப்பலகையில் முற்றுப்புள்ளியை அமுக்க வேண்டுமாம். மகள் ஈர விரலால் அமுக்கினாள். திரை தாவிப்போய் அந்தப் பெண்ணிடம் நின்றது.

"மரம் வெட்ட அனுப்பட்டா?" என்றான் பேரன்.

"இந்த யுகத்துல புதுசா என்ன கட்டலாம்?"

"கோட்டை, மடாலயம், யூனிவர்சிட்டி..."

"யூனிவர்சிட்டி கட்டச் சொல்லு."

"அதுக்கு 200 விறகு ஆகும்மா."

"அதான் இப்ப மொய் வந்துச்சே."

அந்தப் பெண் சுத்தியலை எடுத்துக்கொண்டு நடந்தாள். மகள் டம்ளரை என்னிடம் நீட்டினாள். காபி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.