ஊரையே இடம் மாற்றிய தண்ணீர்... அஜ்ரக்பூரில் ஒரு சாயப் பட்டறை அனுபவம்!

குஜராத்தின் கட்ச் பக்கம் டூர் போகிறவர்கள் வெள்ளை உப்புப் பாலைவனத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். அடுத்த முறை போனால் அரை நாளை மிச்சம் பிடித்து அஜ்ரக்பூருக்கு ஒதுக்குங்கள். புஜ் நகரிலிருந்து பச்சாவ் செல்லும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர்தான். ஆட்டோவிலேயே போய்விடலாம்.

இங்கே கத்ரி குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது அஜ்ரக் என்ற மர அச்சுத் துணி. நீலம், சிவப்பு, கறுப்பு, வெள்ளையில் நட்சத்திரமும் பூவும் கட்டம் கட்டமாக வருமே, அதுதான். தொழில் பல நூற்றாண்டுப் பழசு. ஆனால், ஊருக்கு ஏறக்குறைய என் வயதுதான்!

கத்ரிகளின் பழைய ஊர் தமட்கா. 16-ம் நூற்றாண்டில் கட்ச் மன்னர் அழைத்ததால் சிந்துப் பகுதியிலிருந்து அவர்களின் முன்னோர்கள் அங்கே வந்து குடியேறினார்கள். ஊரை ஒட்டி ஓடிய ஆறு துணி அலச வசதியாக இருந்தது. பிறகு ஆறு வற்றியது, கிணற்றை நம்பினார்கள். 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் தமட்கா இடிந்து விழுந்தது. அதோடு நிலத்தடி நீரில் இரும்புச்சத்தும் ஏறிவிட்டது. வீட்டைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம், தண்ணீரை என்ன செய்வது? பல குடும்பங்கள் சேர்ந்து வேறு இடம் தேடி, நிலம் வாங்கி, புது ஊருக்குத் தொழிலின் பெயரையே வைத்தார்கள். சிலர் இன்னமும் தமட்காவிலேயே தொழில் செய்கிறார்கள்.

குடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் இரும்பு இருந்தால் சத்துதானே, இதற்காகவா ஊரை விட்டு வருவார்கள் என்று எனக்கும் தோன்றியது. பட்டறையில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

பயிற்சிக்குப் போனதும் கையில் ஒரு ஸ்டோல் தருகிறார்கள். வெளிர் மஞ்சளாக இருக்கிறது. காரணம், நம் வீட்டு கடுக்காய்! துணியை முதலில் ஆமணக்கு எண்ணெய், சோடா உப்பு, ஒட்டகச் சாணம் கலந்த நீரில் ஊற வைத்து, அலசி, வெயிலில் காயப்போட்டு, அதன் பிறகு கடுக்காய்ப் பொடி கரைத்த நீரில் முக்கி எடுக்கிறார்கள். (சாணத்தின் வாடை நமக்கு வருவதில்லை. அந்த வேலையெல்லாம் முன்கூட்டியே முடிந்துவிடுகிறது.)

அடுத்து மர அச்சு. சுண்ணாம்பும் கருவேலம் பிசினும் கலந்த குழம்பில் தொட்டு ஒத்த வேண்டும். இது பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அங்கேதான் கடைசியில் வெள்ளைக் கோடு வரும். ‘அச்சை வை, உள்ளங்கையால் ஒரு தட்டு. அழுத்தித் தேய்க்காதே பேட்டீ’ என்று பெரியவர் இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார். என் ஒரு வரிசை முடிவதற்குள், பக்கத்து மேஜையில் ஒருவர் முழுப் புடவையின் பாதியைத் தாண்டிவிட்டார். அவர் கை, அச்சின் மூலையைப் பார்ப்பதுபோலவே தெரியவில்லை.

இப்போது கறுப்பு. பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். அந்த நீரைப் புளியங்கொட்டை மாவு சேர்த்துக் காய்ச்சினால் அச்சுக் குழம்பு ரெடி. பார்த்தால் பழுப்பு நீர்தான். கடுக்காய் ஏறிய துணியில் ஒத்தினால், கண்ணெதிரே கறுக்கிறது! கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. பழைய காலத்து எழுதும் மையும் இதே கணக்குதான். அதேபோல, படிகாரம் ஒத்திய இடம் பின்னால் மஞ்சிட்டி வேர்ச் சாயத்தில் கொதிக்கும்போது சிவக்கும்.

இப்போது தமட்கா தண்ணீரை யோசித்துப் பாருங்கள். அலசுகிற நீரிலேயே இரும்பு இருந்தால், துணி முழுக்கப் பரவியிருக்கும் கடுக்காயோடு அது சேர்ந்துவிடும். சிவப்பு மங்கும், வெள்ளை அழுக்கேறும். கறுப்பைக் கொடுத்த அதே இரும்பு, மற்ற நிறங்களைக் கெடுத்துவிடும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பிடித்த கட்டம், நீலத் தொட்டி. அவுரிச் சாயத்தில் முக்கிய துணி வெளியே வரும்போது பச்சையாக இருக்கிறது. காற்று பட்டதும் ஓரத்திலிருந்து நீலமாகிறது. நாங்கள் ஐந்தாறு பேர் சுற்றி நின்று வாயைப் பிளந்தோம். இயற்கை அவுரி எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்கு, ‘உங்கள் தமிழ்நாட்டிலிருந்துதான்’ என்று பதில் வந்தது! திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிரிட்டுச் சாயக்கட்டி எடுக்கிறார்கள் என்பது ஞாபகத்துக்கு வந்தது. சென்னையிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் இருப்பதை, ரயிலேறிப் போய் கட்ச்சில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நமக்குக் காட்டுவது சுருக்கப் பதிப்பு. முறையான அஜ்ரக் துணி 14 முதல் 16 கட்டங்கள் கடந்து வர வாரங்கள் ஆகும். அலசுவது மட்டுமே பல தடவை. ஆண்டு மழை 400 மில்லிமீட்டர் அளவுக்கே பெய்யும் மாவட்டத்தில் அத்தனை தண்ணீர்! பெரியவரின் மகன் போர்வெல்லைக் காட்டினார். முன்பு துணியின் விலை பேசும்போது சாயம், கூலி இரண்டையும்தான் கணக்குப் பார்த்தார்களாம். இப்போது தண்ணீரையும் சேர்க்கிறாராம். ‘இன்னொரு தடவை ஊர் மாற எங்களுக்கு வயதில்லை’ என்று பெரியவர் சொன்னதற்கு மகன் பதில் சொல்லவில்லை. தொட்டி மூடியைச் சரிசெய்யப் போய்விட்டார்.

‘கட்ச் அஜ்ரக்’குக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும், மில் பிரிண்ட் துணியை ‘அஜ்ரக்’ என்று சொல்லி விற்பது நிற்கவில்லை. கடையில் வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெளிறிக் கிடந்தால் சந்தேகப்படுங்கள். கோடுகள் எல்லாம் ஸ்கேல் வைத்ததுபோல ஒரே மாதிரி இருந்தாலும்தான். இன்னொன்று, கையால் அச்சிட்டது என்பதாலேயே இயற்கைச் சாயம் ஆகிவிடாது. எந்த நிறம் எதிலிருந்து என்று கேளுங்கள். நல்ல பட்டறைக்காரர்கள் தயங்காமல் சொல்கிறார்கள்.

போவது எப்படி? அகமதாபாத்திலிருந்து புஜ்ஜுக்கு நமோ பாரத் ரயிலில் ஆறு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்படி இருக்கும். பட்டறைக்கு முன்கூட்டியே போன் செய்து நேரமும் கட்டணமும் கேட்டுக்கொள்ளுங்கள். இடத்துக்கு இடம் மாறுகிறது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம் என்பதால் தவிர்த்துவிடலாம். அதே ஊரில் எல்.எல்.டி.சி கைவினை அருங்காட்சியகமும் இருக்கிறது. எம்பிராய்டரி பிடித்தவர்களுக்கு அங்கேயே இரண்டு மணி நேரம் போய்விடும்.

பழைய உடையில் போங்கள். நீலம் நகக்கண்ணில் நான்கைந்து நாள் நிற்கும். கொண்டுவந்த ஸ்டோலை முதல் சில தடவை தனியாக, சோப்பு அதிகம் போடாமல் அலசி, நிழலில் காயப்போடுங்கள்.