சியாங் மாயில் ஆளுக்கொரு விண்ணப்பம்

பழைய மதிலும் அகழியும் சூழ்ந்த சியாங் மாய், டிசம்பர் குளிரில் யாரையும் மயக்கிவிடும். ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரியும் புகை, மேற்கே நிற்கும் சுதேப் மலையையே மறைத்துவிடும். அந்த மாதங்களிலும் ஒருமுறை தங்கிப் பார்த்த பிறகுதான் நானும் என் கணவரும் விண்ணப்பித்தோம்.

தாய்லாந்து ஓய்வுபெற்றவர்களுக்குத் தருவது நிரந்தரவாசம் அல்ல, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தங்கும் அனுமதிதான். 50 வயது நிரம்பியிருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் 800,000 பாட் சேமிப்பு அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். சேமிப்பைக் காட்டினால், விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே பணம் கணக்கில் இருக்க வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். மறுநுழைவு அனுமதி வாங்காமல் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் புறப்பட்டால், தங்கும் அனுமதி அன்றோடு ரத்து.

கணவர் பெயரில் மட்டும் பணம் காட்டி, மனைவி அவரைச் சார்ந்தவராகவும் விண்ணப்பிக்கலாம். ஒருவர் சேமிப்பே போதும் என்பதால் பலர் இதைத்தான் நாடுகிறார்கள். ஆனால் கணவர் காலமானால், அவரைச் சார்ந்திருந்த அனுமதிக்கும் பிடிமானம் இல்லை. கண்ணீரோடு குடிநுழைவு அலுவலக வரிசையில் நிற்க வேண்டிவரும்.

இதைப் பேச என் கணவருக்கு விருப்பமில்லை. “வாழப் போற இடத்துல இந்தப் பேச்சு எதுக்கு?” என்றார். “வாழப் போறதாலதாங்க கேட்கிறேன்” என்றேன்.

ஆளுக்கொரு வங்கிக் கணக்கு, ஆளுக்கொரு விண்ணப்பம் என்று முடிவானது. பணம் கூடுதலாக முடங்கியது உண்மைதான். ஆனால் என் கடப்பிதழில் உள்ள அனுமதி, என் பெயரிலேயே நிற்கிறது.