காட்டுப் பாதையில் இரண்டு நாய்கள்

2018 ஒக்டோபரில் லண்டனில் தம்பி வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய ஓர் ஆங்கிலேயர். தனியாள்; துணைக்கு இரண்டு நாய்கள். முழங்கால் வலியோடும் ஞாயிறு தோறும் அவற்றை எப்பிங் காட்டுக்கு அழைத்துச் செல்வார். தம்பியின் பத்து வயது மகனும் கூடப் போவான்.

"பெரியவாப்பா, நீங்களும் வாங்களேன்" என்றான். வாசகர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். ளுஹர் தொழுதுவிட்டுப் போனேன்.

சுமார் 2,400 ஹெக்டேர் காடு. துண்டு துண்டாக வேலியடைத்து அபகரிக்கப்பட்டு வந்த நிலத்தை, 1878 ஆம் ஆண்டுச் சட்டமொன்று பொதுமக்களுக்கென மீட்டுக் கொடுத்ததாம். பீச் மரங்கள் செம்பு நிறமாகி நின்றன. பகல் குறுகிக் குளிர் வரும்போது இலையின் பச்சை சிதைய, அடியில் மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது. நம் நாட்டு ரப்பர் தோட்டங்கள் இலையுதிர்க்கும் மாதங்கள் நினைவுக்கு வந்தன.

நாய்களை விட்டு நாலு முழம் தள்ளியே நடந்தேன். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண்ணால் கழுவ வேண்டுமென்று ஆண்டுதோறும் பிக்ஹு வகுப்பில் ஓதிக் கொடுப்பவன் நான். மாலிக்கி மத்ஹபில் நாய் சுத்தமான பிராணி என்பதையும் சொல்லிக் கொடுப்பதுண்டு. ஷாபிஈ வீட்டில் வளர்ந்த கால்களுக்கு அது கேட்பதில்லை.

"ஊருக்கு வந்தபோது மத்ரஸாப் பிள்ளைகள் நாய்க்குக் கல்லெறிஞ்சாங்களே, நீங்க படிச்சுக் கொடுத்ததா?" என்று கேட்டான் மகன்.

"இல்லை" என்றேன். பொய்யில்லை. ஆனால் அன்று நான் வாசற்படியில்தான் நின்றிருந்தேன். தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குத் தன் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்த ஹதீஸையும் அதே பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்திருந்தேன். கல் பறந்தபோது வாய் திறக்கவில்லை.

ஒரு சரிவில் ஈர இலைகள் வழுக்கிப் பெரியவர் தடுமாறினார். மகன் ஓடிப்போய் அவர் கையைத் தாங்கிக்கொண்டான். இளைய நாயின் வாரை மறு கையில் பிடித்தவன், கிழ நாயின் வாரை என் பக்கம் நீட்டினான். பெரியவர் என் தாடியையும் தொப்பியையும் பார்த்துவிட்டு, "வேண்டாம், வேண்டாம்" என்றார். அந்த நாகரிகம்தான் என்னைக் கூச வைத்தது. வாங்கிப் பிடித்தேன்.

அந்தக் கிழம் இழுக்கவேயில்லை. நான் நின்றால் நின்றது. கீழே ஒரு குட்டையில் இறங்கி வயிறு முட்டக் குடித்தது. கரையேறி உடலை உதறியது. என் களிசான் முழங்கால் வரை நனைந்தது. பெரியவர் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். தண்ணீர்தானே என்றேன்.

வீட்டுத் தோட்டத்துக் குழாயடியில், மண் பூசி ஒரு தடவையும் வெறும் நீரால் ஆறு தடவையும் கழுவினேன். மகன் பக்கத்தில் குந்தியிருந்து எண்ணினான்.

"ஏழு முடிஞ்சுது. அடுத்த ஞாயிறும் வாறீங்களா?"

வருவதாகச் சொன்னேன். அஸருக்கு இன்னும் நேரமிருந்தது.