டர்போவை மாற்றுவதற்கு முன்

பழைய டீசல் கார் நீலப் புகை விட்டால் பட்டறையில் சட்டென்று வந்து விழும் தீர்ப்பு: "டர்போ போச்சு சார், மாத்திடுங்க." நானும் பத்து வயது தாண்டிய ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன். அந்தத் தீர்ப்புக்கு உடனே தலையாட்ட எனக்கு மனம் வருவதில்லை. காரணத்தைத் தேடாமல் பொருளை மட்டும் மாற்றினால், புதிய டர்போவும் பழையது போன வழியிலேயே போகும்.

முதலில் நிறத்தைப் பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போதவில்லை. வெள்ளை என்றால் கூலன்ட் ஆவி, அல்லது எரியாத டீசல். நீலம் என்றால்தான் ஆயில் எரிகிறது. அதுவும் எப்போது வருகிறது என்பது முக்கியம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று வந்து நின்றால் வால்வு சீலாக இருக்கலாம். மேடேறும்போது ஓயாமல் வந்து, ஆயில் மூடியைத் திறந்தாலும் புகை தள்ளினால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கலாம். சிக்னலில் வெகுநேரம் நின்றுவிட்டு, ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்னால் நீல மேகம் எழுந்தால் டர்போவையும் பார்த்துவிட வேண்டும்.

டர்போ சீல் என்பது ரப்பர் அல்ல, மெல்லிய உலோக வளையம். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டில் அது உட்கார்ந்திருக்கிறது. ஆயிலை அந்த வளையம் மட்டும் தடுத்துவிடாது. இரு பக்கத்துக் காற்றழுத்தமும், ஆயில் தன் எடையில் கீழே வடிவதும் சேர்ந்தே கசிவைத் தடுக்கின்றன. வடிகுழாய் அடைத்தாலோ, எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் பிரீதர் அடைத்து உள்ளே அழுத்தம் ஏறினாலோ, சாக்கடை அடைத்த தெருவில் வெள்ளம் வீட்டுக்குள் ஏறுவது போல ஆயில் சீலைத் தாண்டிவிடும். ஏர் ஃபில்டர் தூசியில் அடைத்திருந்தாலும் டர்போ ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும்.

என் வண்டிக்குப் புகை வந்தபோது மெக்கானிக் அண்ணன், எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து டர்போவுக்குக் காற்று போகும் ஹோஸைக் கழற்றினார். தண்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார், லேசாக ஆடியது. பேரிங் ஆயில் படலத்தில் மிதப்பதால் அந்த அளவு ஆட்டம் இருக்கத்தான் செய்யும். முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. விசிறி இதழ் உறையில் உரசிய கீறலும் இல்லை. "டர்போ நல்லாத்தான் இருக்கு சார், பைப்பைப் பாப்போம்" என்றார். கழற்றிய வடிகுழாய்க்குள் ஆயில் கருகிக் கெட்டியான கரி. நடுவில் பென்சில் நுழையும் அளவே வழி. அதைச் சுத்தம் செய்து மாட்டினார். சைலன்சரில் தங்கியிருந்த ஆயில் எரிந்து தீரும்வரை புகை வந்தது, பிறகு நின்றது.

டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் வழியையும் பார்க்க வேண்டும். அங்குள்ள இன்டர்கூலர் ஹோஸில் ஆயில் பிசுக்கு இருந்தால் பயமில்லை. தேங்கி நின்றால் வண்டியை எடுக்கக் கூடாது. டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடக்கூடும்.

பெட்டியில் வரும் புது டர்போவுக்குப் பணம் தரத் தயங்காதவர்கள்கூட, "பைப்பைத்தானே கழற்றினார்" என்று கூலியில் பேரம் பேசுகிறார்கள். காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே பெரிய வேலை. அதற்கு ஆகும் அரை நாளுக்கு முழுக்கூலி கொடுத்தால்தான், அடுத்த வண்டியிலும் பொறுமையாகத் தேடிப் பார்க்க ஒருவர் இருப்பார்.