கண்ணாடிக்குள் ஒரு கடல்

சென்னை மெரினாக் கரையில் 1909-ஆம் ஆண்டு ஒரு கடல்மீன் காட்சிசாலை திறக்கப்பெற்றது. சென்னைப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் துரை அதன் அமைப்பை வகுத்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்ட அச்சாலையை யாம் கண்டதில்லை. எம் பாட்டனார் சிறுவராயிருந்தபோது கண்டார். அவர் அதனைப் பலகாற் கூறக் கேட்டதே, பின்னாளிற் சேலையூரில் எம் வீட்டுக் கூடம் நனைந்தமைக்கு மூலகாரணம்.

பவளப்பாறையைப் போன்றதொரு தொட்டியை வீட்டில் அமைப்பதே எம் ஆசை. ஆயினும் பவளத்தைத் தேடிப் புறப்படுமுன் சட்டத்தைப் புரட்டியது நன்றாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற் பட்டியலில் 2001-இல் பாறைப்பவளங்களும் சேர்க்கப்பட்டன. இறந்த பவளத்துண்டையுங்கூட மன்னார் வளைகுடாவினின்று எடுத்துவருதல் குற்றமாம். ஆதலின் சாதாரணச் சுண்ணாம்புக்கற்களையே அடுக்கினோம். மீன்களையும் கடலிற் பிடித்தவையாகவன்றிப் பொரிப்பகத்திற் பிறந்த கோமாளி மீன்களாகவே வாங்குவதென்று உறுதி செய்துகொண்டோம். மண்டபத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இம்மீன்களை இனம்பெருக்கிக் காட்டியிருக்கின்றனர்.

எம் தொட்டி நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரம். விளிம்புவரை நிரப்பின் ஏறக்குறைய 255 லிட்டர். நீர் மட்டுமே கால் டன்னுக்கு மேல் எடையென்பது கணக்கிட்ட பின்னரே விளங்கிற்று. பாட்டனாரின் தேக்கு மேசை அன்று தப்பியது. செங்கற்சுவர் இரண்டு எழுப்பிக் கடப்பைக்கல் பரப்பி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அதன்மேல் தெர்மோகோல் தகடிட்டுத் தொட்டியை ஏற்றினோம். குழாய்களெல்லாம் பி.வி.சி.; பித்தளைத் திருகு ஒன்றும் கூடாது. பித்தளையிலுள்ள செம்பு உப்புநீரிற் கரைந்து இறாலையும் நத்தையையும் கொல்லும்.

மேற்றொட்டியில் மிகுந்த நீர் ஒரு குழாய்வழியே கீழ்த்தொட்டிக்கு வழிந்து வடிகட்டப்பெறும். பம்பு அதனை மீண்டும் மேலேற்றும். இவ்வளவே ஏற்பாடு. மேலேற்றும் குழாயின் வாயை நீர்மட்டத்திற்கு நான்கு அங்குலம் கீழே அமிழ்த்தி வைத்தோம். ஓசையின்றி நீர் பாய்வது அழகாயிருந்தது. கீழ்த்தொட்டியையும் கஞ்சத்தனமின்றி நிரப்பினோம்.

நுண்ணுயிர்கள் பெருகி அம்மோனியாவை மாற்றத் தொடங்குமட்டும் மீன் விடாது காத்திருந்த நாட்கள் அவை. ஐப்பசி மழையிரவொன்றில் மின்சாரம் நின்றது. பம்பு ஓயவே, நீரை ஏற்றிய குழாயே அதனைக் கீழே உறிஞ்சி இறக்கலாயிற்று. குழாய்வாய் வெளிப்படுமட்டும் அது நிற்கவில்லை. நான்கடிக்கு ஒன்றரையடிப் பரப்பில் நான்கு அங்குலம் என்றால் ஏறத்தாழ 57 லிட்டர். கீழ்த்தொட்டியில் அதற்கு இடமில்லை.

சலசலப்புக் கேட்டு யாம் எழுவதற்குள், எம் தந்தையார் வெறுங்காலுடன் இருளில் வந்து உப்புநீரில் நின்றார். பம்பின் வடம் செருகிய மின்பலகையைத் தரையில் வைத்திருந்தோம், எம் அறிவீனம். அதனை எடுக்க அவர் குனிந்தபோது, "தொடாதீர்கள்! முதலில் மெயினை இறக்குங்கள்!" என்று அன்னையார் உள்ளிருந்து கூவினார். தந்தையார் நிமிர்ந்து, திண்ணைக்குச் சென்று, இறக்கினார். அவர் கையை எடுக்குமுன் தெருவிளக்குகள் எரிந்தன.

அவ்விரவில் எவரும் உறங்கவில்லை. தொட்டியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவுமில்லை.

மறுநாள் வந்த முதிய குழாய்வேலைக்காரர் சிரித்தார். "மேலே ஏற்றுகிற குழாய் கீழேயும் இறக்கும், தம்பி" என்றார். அவர் குழாய்வாயை நீர்மட்டத்திற்கு ஓர் அங்குலம் கீழே உயர்த்தி, மட்டத்தை ஒட்டி அக்குழாயில் ஒரு சிறு துளையிட்டார். நீர் சற்றே இறங்கியதும் துளைவழியே காற்றுப் புகுந்து உறிஞ்சலை முறிக்கும். பாசி அடைத்துவிடின் துளை பயன்படாது. அப்போதும் இறங்குவது 14 லிட்டர்தான். கீழ்த்தொட்டியை அரையளவே நிரப்பச் சொன்னார். ஒருவழி வால்வு போதாதோ என்றோம். ஒரு மணற்றுகள் சிக்கினால் அது மூடாது என்றார்.

மின்பலகையைச் சுவரில் உயரமாக அறைந்தோம். வடம் நேரே அதிற் செல்லாது ஒருமுறை தாழத் தொங்கிப் பின்னரே மேலேறும். வழியும் நீர் அத்தாழ்விற் சொட்டிவிடும். மின்கசிவு கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியையும் மின்பணியாளரைக்கொண்டு பொருத்தினோம். தொட்டிக்கு வாங்கிய பொருள்களில் தந்தையார் விலை கேளாதது அஃது ஒன்றே.

இப்போது மீன்கள் இரண்டு உள்ளன. திங்கள்தோறும் முதல் தேதியில் தந்தையார் செருப்பணிந்து, உலர்ந்த தரையில் நின்று, பம்பின் விசையைத் தாமே நிறுத்துகின்றார். கீழ்த்தொட்டியில் நீர் ஏறி, யாம் இட்ட சிவப்புக் கோட்டிற்குக் கீழே நிற்குமட்டும் பார்த்திருந்து, பின்னரே காப்பி கேட்கின்றார்.