சூரியனைக் கூவி அழைக்கும் ஊர்

ராத்திரி பத்து நிமிஷம் கரண்ட் போனால் நம் ஹாஸ்டல் போடும் கூச்சல் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஏறக்குறைய நான்கு மாதம் சூரியனே போய்விடுகிற ஓர் ஊரைப் பற்றி இந்த மலரில் எழுத வந்திருக்கிறேன்.

நார்வே நாட்டுக்கு வடக்கே, ஸ்வால்பார்ட் தீவுக் கூட்டத்தில் இருக்கிறது லாங்இயர்பியென். 78 டிகிரி வடக்கு. அங்கிருந்து வட துருவம் சுமார் 1,300 கிலோமீட்டர்தான். ஜனத்தொகை 2,500 சொச்சம். அக்டோபர் கடைசியில் மறைகிற சூரியன் பிப்ரவரி நடுவில்தான் அடிவானத்தைத் தாண்டும். அப்புறமும் மலைகள் மறைத்துக்கொள்வதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 ஆகிவிடும். அன்று பழைய ஆஸ்பத்திரிப் படிக்கட்டருகே பிள்ளைகளும் பெரியவர்களும் கூடி நின்று சூரியனைக் கூவி அழைப்பார்கள். நமக்கோ மே மாதம் வந்தால் இந்த வெயில் எப்போது ஒழியும் என்றிருக்கிறது!

1906-ல் நிலக்கரி தோண்ட வந்த ஜான் மன்ரோ லாங்இயர் என்ற அமெரிக்கரின் பெயர்தான் ஊருக்கு. 1916-ல் நார்வே கம்பெனி ஒன்று அதை வாங்கிக்கொண்டது. கரித்தூசு படிந்த பூட்ஸை வாசலிலேயே கழற்றும் சுரங்கத் தொழிலாளிகளின் பழக்கம் இன்றைக்கும் மியூசியத்தில்கூட இருக்கிறது. ஊர் எல்லை தாண்டினால் துருவக் கரடிக்குப் பயந்து துப்பாக்கியோடு போகிறார்கள். கரடி என்றதும் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். சிவில் படிக்கிற எனக்கென்னவோ கரடியைவிட அஸ்திவாரம்தான் பெரிதாகப் பட்டது.

எங்கப்பா கொத்தனார். வானம் தோண்டாமல் வீடா என்று கேட்பவர். அந்த ஊர் வீடு ஒன்றின் படத்தை அவரிடம் காட்டினேன்.

"என்னடா இது, வீட்டைத் தூக்கிக் கால்மேல நிறுத்தியிருக்கானுங்க? தண்ணி வருமோ?"

"இல்லப்பா. தரை உருகிடும்."

அங்கே மண்ணே வருஷம் பூரா உறைந்து கல்லாகக் கிடக்கிறது. கோடையில் மேல்மண் மட்டும் இளகும். வீட்டுக்குள்ளே அடுப்பு, ஹீட்டர். அந்தச் சூடு கீழே இறங்கினால் தரை உருகி வீடு சாய்ந்துவிடும். அதனால் உறைந்த மண்ணுக்குள் ஆழமாகப் பைல் இறக்கி, வீட்டுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விடுகிறார்கள். தண்ணீர்க் குழாயையும் புதைப்பதில்லை. பெட்டி கட்டித் தரைக்கு மேலேயே கொண்டுபோகிறார்கள்.

"அப்ப காத்து நடுவுல ஓடணும். சரிதான்" என்றார் அப்பா. நான் இரண்டு நாள் படித்ததை, நாலாம் வகுப்போடு நின்றவர் ஒரு பீடி அணைவதற்குள் பிடித்துக்கொண்டார்.

இப்போது அந்தத் தரையே ஏமாற்றத் தொடங்கிவிட்டது. உலக சராசரியைவிடப் பல மடங்கு வேகமாக அங்கே சூடு ஏறுகிறது. பழைய மரப் பைல்கள் பிடிமானம் இழக்கின்றன. 2015 டிசம்பர் 19 காலையில் மலையிலிருந்து பனி சரிந்து 11 வீடுகள் நொறுங்கின. இருவர் இறந்தார்கள், ஒன்று குழந்தை. அதன்பின் சரிவடியில் இருந்த பல வீடுகளை இடித்துவிட்டார்கள். ஊரைப் பெற்ற நிலக்கரியும் முடிந்தது. 2023 அக்டோபரில் கரி மின்நிலையத்தை மூடி டீசலுக்கு மாறினார்கள். ஏழாம் நம்பர் சுரங்கம், அந்தத் தீவுகளில் நார்வேயின் கடைசிச் சுரங்கம், 2025-ல் மூடப்பட்டது.

அங்கே சாவதற்குத் தடை என்று ஒரு கதை சுற்றுகிறது. அது சும்மா. உறைந்த மண் சவப்பெட்டியை மேலே தள்ளிவிடும் என்பதால் புதைப்பதுதான் இல்லை. என்னை உறுத்தியது வேறு. ஸ்வால்பார்டில் வாழ விசா வேண்டாம். தாய்லாந்து, பிலிப்பைன்ஸ்காரர்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவரை அரசு திருப்பி அனுப்பலாம். முதியோர் இல்லம் கிடையாது. உதவித்தொகையும் கிடையாது. 2022-ல் வந்த விதிப்படி, நார்வேயின் பெருநிலத்தில் மூன்று வருஷம் வாழாத வெளிநாட்டவருக்கு உள்ளூர்த் தேர்தலில் ஓட்டும் இல்லை. ஊரைக் கூட்டிப் பெருக்கிச் சமைத்துப் போடுகிறவர்களுக்கு ஓட்டில்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து அப்பாவால் ஒரு மூட்டை சிமெண்ட் தூக்க முடியாது. அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறாள். எங்கள் வீடு அந்த ஊரில் இருந்தால் எங்களை விட்டுவைப்பார்களா? இதை அவரிடம் சொல்லவில்லை. அவரே கேட்டார்:

"முடியாமப் போனா கட்டினவனும் கிளம்பிடணுமா?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அங்க கொத்தனாருக்கு வேலை உண்டா?" என்றார்.

"பெரும்பாலும் மர வீடுப்பா. பைல் போடறவங்களுக்குத்தான் வேலை. தரை இளக இளக இன்னும் ஆழமாப் போடணும்."

"அதை நல்லாப் படி. வேணும்னா போய் நாலு வருஷம் வேலையும் பாரு. அங்கேயே கிழவனாயிடாதே."