அயுத்தயாவுக்கு வண்டியை விடுங்க!

பாங்காக் போறீங்களா? ஷாப்பிங் மாலிலேயே லீவைக் கரைக்காம, ஒரு நாள் அயுத்தயா பக்கம் காரை விடுங்க. வடக்கே சுமார் 80 கிலோமீட்டர்தான். நம்ம ஊர் மாதிரியே இடதுபக்க டிரைவிங்; ஆனா, இன்டர்நேஷனல் பர்மிட் இல்லாம ஸ்டீயரிங்கைத் தொடாதீங்க. விடியக்காலையிலேயே கிளம்பிடுங்க, மதிய வெயில் மண்டையைப் பிளந்துடும்.

நம்ம அயோத்தியின் பெயரைச் சூடி 1350-ல் உருவான தலைநகரம் இது. 1767-ல் பர்மியப் படை எரிச்சுட்டுப் போனதில் மிஞ்சினதைத்தான் பார்க்கப் போறீங்க. வாட் மஹாதாத் கோயிலில், மரத்தின் வேர்களுக்கு நடுவே புத்தரின் தலை மட்டும் அமைதியா எட்டிப் பார்க்கும். போட்டோவா? உட்கார்ந்து எடுங்க. உங்க தலை அவர் தலைக்கு மேலே போகக் கூடாது. அங்கங்கே தலையில்லாத சிலைகளும் இருக்கும். பின்னாடி நின்னு உங்க தலையை வெச்சு போஸ் கொடுக்கிற வேலை மட்டும் வேணாம், ப்ளீஸ். அவங்களுக்கு அது இன்னிக்கும் சாமி.

சாயங்காலத்தை ஆற்றங்கரை வாட் சாய்வத்தனாராமுக்கு ஒதுக்குங்க. சூரியன் அந்தக் கோபுரங்களுக்குப் பின்னாடிதான் இறங்கும்.